நாய் குறுக்கே வரவே இல்லை

என் காரின் குறுக்கே எந்த நாயும் வரவில்லை. நான் எந்தச் சுவரிலும் மோதவில்லை. ஆனால் என் கையெழுத்தோடு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன கிளைம் படிவத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியால் என் கார் எட்டு வாரம் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத்தில் வெயிலிலும் தூசியிலும் கிடந்தது. இப்போது பணம் வந்துவிட்டது, காரும் வாசலுக்கு வந்துவிட்டது. கோபம் மட்டும் இன்னும் முழுசாக அடங்கவில்லை. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

விபத்து நடந்தது 2025 ஜூன் 4, புதன்கிழமை காலை. ஆனால் அது முதல் நாள் ராத்திரியே தொடங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகன் நான்காம் வகுப்பு. ஜூன் 2 பள்ளி திறந்தது. லீவு முழுக்க அவன் படுத்தது பதினொன்றரை, பன்னிரண்டுக்கு. எழுந்தது ஒன்பதரைக்கு. திருச்சியின் மே மாத வெக்கையில் மொட்டை மாடியில் பாய் விரித்தாலும் பதினொன்றுக்கு முன் காற்று அசையாது. பள்ளி திறந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஜூன் 3 ராத்திரி ஐபிஎல் இறுதிப் போட்டி வேறு. பதினெட்டாவது சீசனிலாவது பெங்களூரு கப் வாங்குமா என்று ஓசூரில் வேலை பார்க்கும் அவன் அப்பா போனில் ஏற்றிவிட்டிருந்தார். கடைசி ஓவர் முடிந்து, 6 ரன்னில் ஜெயித்து, கோப்பையைத் தூக்குவதையும் பார்த்துவிட்டு அவன் படுக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நானும் கூடவே விழித்திருந்தேன்.

காலையில் எழுப்ப எழுப்பத் திரும்பிப் படுத்தான். வேன் 7.35க்கு வரும். இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. சரி, நானே கொண்டுபோய் விட்டுவிட்டு அப்படியே ஆபீஸ் போய்விடலாம் என்று காரை எடுத்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் ஏறி, அண்ணா சிலை தாண்டி, கரூர் பைபாஸ் சாலை. அவன் பின் சீட்டில் பெல்ட் போட்டபடி யூனிஃபார்மோடு தூங்கிக்கொண்டிருந்தான். இடது பக்கத் தெருவிலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிய நீலநிறக் குட்டி யானை சரக்கு வண்டி ஒன்று நிற்காமல் வெளியே வந்தது. நான் பிரேக் மிதித்தேன். நன்றாகத் தூங்கியிருந்தால் அரை நொடி முன்னால் மிதித்திருப்பேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வண்டியின் முன்பக்கம் என் காரின் இடதுபக்க ஃபெண்டரிலும் முன் டோரிலும் இடித்து நின்றது. பம்பர் ஓரம் பிளந்து, ஹெட்லைட் உடைந்து, கண்ணாடி தொங்கியது. மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கத்திலிருந்து முழித்த பயத்தில் அழுதான், அவ்வளவுதான்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் இந்தக் கதையே வேறு. அப்போது 108, மருத்துவமனை, காவல் நிலையம், அப்புறம்தான் மற்றதெல்லாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாள் வரை பணம் கட்டாமல் சிகிச்சை தரும் மத்திய அரசின் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி யானையை ஓட்டி வந்தது சின்னப் பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். கையைக் கூப்பிக்கொண்டு, "அக்கா, ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்க்கா. மூவாயிரம் இருக்கு, வாங்கிக்கங்க. போலீஸ் மட்டும் வேண்டாம்" என்றான். பணத்தை வாங்கவில்லை. அது நான் செய்த சரியான காரியங்களில் ஒன்று. நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் எதிராளியிடம் நாமாகச் சமரசம் பேசிக்கொள்ளக் கூடாது என்று பாலிசியின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. இரண்டாவது சரியான காரியம், வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பு நான்கு போட்டோ எடுத்தேன். அதில் ஒன்றில் அவன் வண்டியின் நம்பர் பிளேட்டும் என் காரின் டோரும் ஒட்டியபடி தெரியும். அந்த ஒரு படம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

செய்யாத காரியம்: காவல் நிலையம் போகவில்லை. யாருக்கும் அடிபடவில்லையே, எதற்கு என்று விட்டுவிட்டேன். எதிரே இருந்த டீக்கடையில் கேமரா இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பதிவையும் கேட்டு வாங்கவில்லை.

மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு, பள்ளி வாசலில் நின்றபடியே காப்பீட்டு நிறுவனத்தின் இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி இடித்தது, எதிர் வண்டி எண் என்ன என்று எல்லாம் சொன்னேன். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஆரம்பத்தில் ஒரு குரல் சொல்லுமே, அதை அன்று காதில் வாங்கவே இல்லை. பத்து நிமிடத்தில் கிளைம் எண் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் காரை நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் (பழுதுச் செலவை நிறுவனமே நேரடியாகக் கட்டும் இடங்கள்) இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் தவறு நடந்தது.

சர்வீஸ் அட்வைசர் ரொம்ப மரியாதையான பையன். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி மூன்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டார். அப்புறம் கிளைம் படிவத்தை நீட்டினார். மேலே என் பெயர்கூட எழுதவில்லை. "கீழ மட்டும் ரெண்டு இடத்துல சைன் போடுங்க மேடம், மத்ததெல்லாம் நாங்க ஃபில் பண்ணிக்கறோம். தினமும் பண்றதுதான்." முந்தின ராத்திரி ஐந்தரை மணி நேரத் தூக்கம், ஆபீஸில் முழு நாள் வேலை, மகன் பக்கத்து வீட்டில் காத்திருக்கிறான். போட்டேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வாரத்துக்கு ஒருவரிடமாவது சொல்கிறேன். அதனால்தான் இது இன்னும் வலிக்கிறது.

அவர் என்ன எழுதினார் என்று மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன். "வாகனம் சென்றுகொண்டிருக்கும்போது திடீரென நாய் குறுக்கே வந்ததால், அதைத் தவிர்க்க இடதுபுறம் திருப்பியபோது சுவரில் மோதியது." ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில். விபத்து நேரம் மாலை 5 மணி என்று போட்டிருந்தார், அதாவது நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போன நேரம்.

ஜூன் 6 அன்று சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்திருக்கிறார். எஸ்டிமேட் ஐம்பதாயிரத்துக்கு மேல் போனால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தே ஆக வேண்டும். என்னுடையது 58,000. நான் அங்கே இல்லை, ஆபீஸில் இருந்தேன். மதியம் போன் செய்தார். "எத்தனை மணிக்கு மேடம் ஆச்சு?" காலையில் எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்றேன். "எதுல மோதிச்சு?" குட்டி யானை என்றேன். "சரிங்க மேடம்." அவ்வளவுதான். படிவத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. என் டோரில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட்டைப் படம் எடுத்துக்கொண்டார். நீலச் சுவரில் மோதினாரா என்று அறிக்கையில் கேள்வி எழுப்பிவிட்டுப் போய்விட்டார்.

தயவுசெய்து சர்வே நடக்கும்போது நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ பக்கத்தில் நில்லுங்கள். அரை நாள் லீவு போனாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மௌனம். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "அப்ரூவல் வரல மேடம்", இலவச எண்ணில் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது". 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட சுற்றறிக்கையின்படி கிளைம் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஜூன் 20க்கே எழுத்தில் கேட்டிருப்பேன். ஜூன் 25 அன்று மின்னஞ்சல் வந்தது. கிளைம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: உண்மைகள் தவறாகக் கூறப்பட்டுள்ளன. விபத்தின் நேரம், காரணம் இரண்டும் முரண்படுகின்றன, சேதமும் கூறப்பட்ட காரணத்தோடு பொருந்தவில்லை.

படித்துவிட்டுக் கை நடுங்கியது. பணத்துக்காக மட்டும் இல்லை. பொய் சொல்லிவிட்டாள் என்று என்னைச் சொல்கிறார்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். அந்தப் பையனுக்கு அதிர்ச்சியே இல்லை. "எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம் மேடம். இன்னொரு வண்டின்னு எழுதினா கம்பெனியில எஃப்.ஐ.ஆர். கேப்பாங்க. நாய்னு போட்டா எதுவும் கேக்க மாட்டாங்க." எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார். நான் போனில் ஏற்கெனவே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. நாய், சுவர், தூண், இருட்டு என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் எழுதும் இந்தக் கதைகளைப் பற்றி என் அலுவலகத்தில் விசாரித்தபோது மூன்று பேர் "எனக்கும் அப்படித்தான் எழுதினாங்க" என்றார்கள். அவர்களுக்குப் பணம் வந்துவிட்டது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. வராதபோது மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர்தான். ஒர்க்‌ஷாப்பின் கையெழுத்து அந்தப் படிவத்தில் எங்குமே இருக்காது.

ஜூன் 27, வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு போட்டுக்கொண்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிளைம் எல்லாம் இங்க இல்ல மேடம். இங்க பாலிசி மட்டும்தான் போடுவோம்" என்றார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு சீட்டில் எண் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால் அதே இலவச எண். குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி பாலிசியின் கடைசிப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. எல்லா நிறுவனத்தின் பாலிசியிலும் இருக்கும். அதைப் பார்த்திருந்தால் அந்த அரை நாள் மிஞ்சியிருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை டீக்கடைக்குப் போனேன். அந்த அண்ணன் நல்லவர், விபத்து அவருக்கு நினைவிலும் இருந்தது. ஆனால் கேமராப் பதிவு பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடுமாம். "அன்னிக்கே கேட்டிருந்தா போன்ல போட்டுக் குடுத்திருப்பேனேம்மா" என்றார். அங்கிருந்து காவல் நிலையம். அந்த இடம் எங்கள் எல்லை இல்லை, அடுத்த நிலையம் என்றார்கள். அடுத்த நிலையத்தில் பெட்டிஷன் பார்ப்பவர் வெளியே போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள்.

திங்கட்கிழமை பயந்துகொண்டேதான் போனேன். ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். முழுக்கக் கேட்டார். "ஏம்மா அன்னிக்கே வரல?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. "எழுதிக் குடும்மா. இவ்ளோ நாள் ஏன் லேட்டுன்னும் அதுலயே எழுது. மறைக்காத." எழுதிக் கொடுத்தேன். போட்டோவையும் பார்த்தார். சாயங்காலமே சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான காவல் நிலையச் சான்று) கையில் வந்துவிட்டது. இந்த எட்டு வாரத்தில் என்னை நம்பிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்தப் பையனுக்கு வேலை போகக் கூடாது என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. வழக்கு வேண்டாம், நடந்ததற்குப் பதிவு மட்டும் வேண்டும் என்று சொன்னேன். அதையும் அவர் புரிந்துகொண்டார்.

ஒர்க்‌ஷாப்பிடம் கடிதம் வாங்கியதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். படிவத்தை நிரப்பியது எங்கள் ஊழியர், வாடிக்கையாளர் சொன்ன விவரம் அதில் இல்லை என்று எழுதித் தரச் சொன்னேன். மேலாளர் முதலில் முடியாது என்றார். கார் இங்கே நிற்பதற்கு நாள் வாடகை போடுவோம் என்றுகூட ஒருவர் சொன்னார். ஒரு விஷயம் மட்டும் கேட்டேன்: "படிவத்துல இருக்கற எழுத்து என்னோடதா, உங்க ஆளோடதா? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க." ஜூலை 2 அன்று லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதி, சீல் போட்டுக் கொடுத்தார்கள்.

ஜூலை 3 அன்று குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரே பக்கம். கோபத்தை எல்லாம் முதல் நாள் ராத்திரி ஒரு நோட்டில் எழுதித் தீர்த்துவிட்டு, இதில் தேதி வரிசையில் நடந்ததை மட்டும் எழுதினேன். இணைப்பாக நம்பர் பிளேட் தெரியும் போட்டோ, சி.எஸ்.ஆர்., ஒர்க்‌ஷாப் கடிதம், பள்ளியின் வருகைப் பதிவில் மகன் தாமதமாக வந்ததற்கான குறிப்பு. கடைசியில் இதைக் கேட்டேன்: ஜூன் 4 காலை நான் உங்கள் எண்ணுக்குப் பேசிய பதிவைக் கேளுங்கள். படிவம் எழுதப்படுவதற்கு எட்டு மணி நேரத்துக்கு முன்பே நான் என்ன சொன்னேன் என்பது உங்களிடமே இருக்கிறது. பதிவை எனக்குத் தர மாட்டோம் என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, அவர்களே கேட்கட்டும் என்றுதான் எழுதினேன்.

பிறகு காத்திருப்பு. அந்த நாட்களில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

விபத்தன்று ராத்திரியே மகனை ஒன்பது மணிக்குப் படுக்க வைத்துவிட்டேன். லைட்டை அணைத்து, கதவைச் சாத்தி, இனிமேல் இப்படித்தான் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பதினொன்று வரை புரண்டுகொண்டிருந்தான். அடுத்த நாளும் அப்படியே. நான்காவது நாள் இருட்டில் மெதுவாகக் கேட்டான், "நான் சீக்கிரம் எழுந்திருந்தா கார் அடிபட்டிருக்காதுல்லம்மா?" எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவன் தூங்காமல் புரண்டது பழக்கத்தால் மட்டும் இல்லை. நாலு நாளாக அதை மனதில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். லைட்டைப் போட்டு, எழுந்து உட்கார்ந்து, உன் தப்பு எதுவும் இல்லை கண்ணா, அந்த அண்ணன் பார்க்காமல் வந்துவிட்டார், உன்னை லீவு முழுக்க நேரத்துக்குத் தூங்க வைக்காதது அம்மா தப்பு என்று சொன்னேன். அன்று என் பக்கத்திலேயே தூங்கினான்.

குழந்தைகள் டாக்டரிடம் பேசியபோது நான் செய்ததில் என்ன கோளாறு என்று புரிந்தது. இரண்டரை மணி நேரத்தை ஒரே ராத்திரியில் முன்னால் இழுக்க முடியாது. உடம்புக்கு இன்னும் இரவே ஆகவில்லை, அதைப் போய்த் தூங்கு என்றால் எப்படித் தூங்கும். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள், எழுப்பும் நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகூட மாற்றாதீர்கள் என்றார். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். ஆறரைக்கு எழ வேண்டும் என்றால் ஒன்பதேகாலுக்காவது கண் மூடியிருக்க வேண்டும்.

அப்படியே செய்தோம். 11.15, 11, 10.45 என்று மெதுவாக இறங்கினோம். காலையில் ஆறரைக்கு எழுப்பி முகம் கழுவியதும் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். வெயில் முகத்தில் பட்டால் பத்து நிமிடத்தில் தூக்கம் கலைந்துவிடும், பல் தேய்க்கும்போது தலை தொங்காது. சாப்பாடு ஏழே முக்காலுக்குள். எட்டு மணிக்கு டிவி, போன் இரண்டும் நிற்கும். என் போனும் சேர்த்துத்தான். அது இல்லாமல் அவனிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. இடையில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று இரண்டு தடவை பின்னால் போனோம். ஜூன் முடிவதற்குள் ஒன்பதரைக்கு வந்துவிட்டோம். மே கடைசி வாரத்திலேயே ஆரம்பித்திருந்தால் ஜூன் 4 காலை வேன் ஹாரன் அடித்தபோது அவன் ஷூ போட்டுக்கொண்டிருப்பான்.

இன்னொரு பலனும் கிடைத்தது. பத்து மணிக்கு நானும் தூங்க ஆரம்பித்தேன். அந்த ஒரு பக்கக் கடிதத்தைத் தெளிவாக எழுத முடிந்தது அதனால்தான் என்று நம்புகிறேன்.

இரண்டு வாரம் ஆகியும் பதில் வரவில்லை. ஜூலை 18 அன்று ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்தில் புகார் பதிந்தேன். 155255 என்ற எண்ணுக்குப் பேசியும் பதியலாம். இதற்கும் சரியாகவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதம் பதில் இல்லாமலோ பதில் திருப்தி இல்லாமலோ இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கான தாள்களையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்துவிட்டேன்.

அது தேவைப்படவில்லை. ஜூலை 22, செவ்வாய்க்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "மேடம், உங்க கால் ரெக்கார்டிங் கேட்டோம். மறுபடி ஒரு சர்வே பண்றோம், நீங்க இருக்க முடியுமா?" இருக்கிறேன் என்றேன். வேறு சர்வேயர் வந்தார். இந்த முறை புதுப் படிவம். ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன், அப்புறம்தான் கையெழுத்து. ஜூலை 29 அன்று அப்ரூவல் வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. "மறுபரிசீலனையின்படி" என்று மட்டும் இருந்தது.

முழுப் பணமும் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடைசி பில் 52,500. என் காருக்கு நாலரை வயது. தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பீடு போடவில்லை, போன வருடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நிறுத்திவிட்டேன். நாலு முதல் ஐந்து வயதுக் காருக்கு இரும்புப் பாகங்களில் 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். டோரும் ஃபெண்டரும் 14,600, அதில் 5,110 போனது. பிளாஸ்டிக் எந்த வயதானாலும் பாதிதான். பம்பர், ஹெட்லைட், பக்கக் கண்ணாடி சேர்த்து 12,600, அதில் 6,300 போனது. டோர் கிளாஸுக்குக் கழிவு கிடையாது. பெயின்ட்டிங் 14,000இல் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்து, அதில் பாதி, 1,750. கிளிப், நட்டு என்று 900. 1500 சிசிக்குள் இருக்கும் கார் என்பதால் கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக 15,060 என் கையிலிருந்து. நிறுவனம் கொடுத்தது 37,440.

கூடவே, கிளைம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் என்.சி.பி. தள்ளுபடியும் போனது. நான்கு வருடம் கிளைம் இல்லாமல் 45 சதவீதத்தில் இருந்தேன், நவம்பரில் 50க்குப் போயிருக்கும். இனி பூஜ்யத்திலிருந்து. சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் அந்தத் தள்ளுபடி, மூன்றாம் நபர் பிரீமியத்தில் இல்லை. அதனால் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாதீர்கள். முப்பத்தேழாயிரத்துக்குப் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை சாயங்காலம் காரை எடுத்து வந்தேன். டேஷ்போர்டுப் பெட்டியில் இப்போது ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இருக்கின்றன. தாளின் மேலே நானே எழுதி வைத்திருக்கிறேன்: நேரம், இடம், எதிர் வண்டி எண், பக்கத்தில் எந்தக் கடையில் கேமரா. மகன் டோரைத் தடவிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரியே இருக்கும்மா" என்றான்.

திங்கட்கிழமை காலை வேன் 7.35க்கு வந்தது. அவன் ஏழரைக்கே பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். அன்று முழுக்கக் காரை வெளியே எடுக்க வேண்டியிருக்கவில்லை.